கைக்கு வராத கிண்ணம்

மோட்டார் ஓட்டப் போட்டியை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் நண்பர் பலரை நான் அறிவேன். ஓடுகிறவன் தன் காலால் ஓடுகிறான். நீந்துகிறவன் தன் கையால் நீந்துகிறான். இவனோ இருந்த இடத்தில் இருந்துகொண்டு இயந்திரத்தை ஓடவிடுகிறான். இதிலே திறமை எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கு நான் எதிர்வாதம் செய்வதில்லை. ஒரு மனிதருடைய கதையைச் சொல்லுவேன். அதையே இன்று வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில், வேர்ஜீனியா மாநிலத்து டான்வில் என்னும் பட்டினத்திலே, 1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள் பிறந்த வென்டல் ஸ்கொட் என்பவரே அம்மனிதர். கறுப்பினத்தவர். 1952 முதல் 1973 வரை மோட்டார் ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டு, ஏழு பிள்ளைகளை வளர்த்தவர். நாட்டின் முதன்மையான 'ஸ்டொக் கார்' போட்டித் தொடரில் 495 முறை களமிறங்கினார். முதலிடம் பெற்றது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையும், வென்றவர் அவரே என்பதை அறியாமலே சனங்கள் கலைந்து வீடு சென்றனர். அவருக்குரிய கிண்ணத்தை இன்னொருவர் வாங்கிச் சென்றார்.

உழைப்பவனுக்கு உயர்வு உண்டு என்று சிறுவயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தொழிலில் எவ்வளவு தூரம் மனிதனுடைய கையில் இருக்கிறது, எவ்வளவு தூரம் பிறர் கையில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க விரும்புவோருக்கு ஸ்கொட்டின் வாழ்வைப்போல் தெளிவான பாடம் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

கசிப்பு ஓடிய வழி

'ஸ்டொக் கார்' என்ற பெயரின் பொருள் எளியது. கடையிலே இருப்பில் வைத்து விற்கப்படும் கார் என்பதே அது. பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த, சக்கரங்கள் வெளியே தெரியும் மெலிந்த வண்டிகளை ஐரோப்பியர் ஓட்டியபோது, அமெரிக்கத் தென்பகுதியார் வைத்தியரும் வியாபாரியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கு ஓட்டிச் செல்லும் அதே போர்ட்டையும் செவ்ரலேயையும் களத்தில் இறக்கினர். காலஞ் செல்லச் செல்லக் கடைக் காருக்கும் போட்டிக் காருக்கும் உள்ள உறவு புறத்தோற்றத்தளவில் நின்றுவிட்டது. இன்று ஓடுபவை போட்டிக்கென்றே கட்டப்படுபவை. பெயர் மட்டும் மாறவில்லை.

இவ்விளையாட்டின் வேர்களுள் ஒன்று கசிப்பில் ஊன்றியிருக்கிறது என்றால் வாசகர் வியக்கக்கூடும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அது நீங்கிய பின்னரும், வரி செலுத்தாமல் மலைக்காடுகளில் வடிக்கும் தொழில் ஓயவில்லை. வடித்ததை இரவோடிரவாகப் பட்டினங்களுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்கு வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகவும், உள்ளே அசாதாரணமாகவும் உள்ள கார் வேண்டும். எஞ்சினை வலிதாக்கினர். பாரம் ஏறியதும் பின்புறம் தாழ்ந்து பொலிஸார் கண்ணில் படாதிருக்க விற்சுருள்களை விறைப்பாக்கினர். விளக்கை அணைத்துவிட்டு மலைப்பாதையில் பறக்கக் கற்றனர். பிறகு, யாருடைய கார் வேகமானது என்ற பேச்சு எழுந்தது. ஓய்வு நாளில் வயல்வெளியில் ஓடிப் பார்த்தனர். வேடிக்கை பார்க்கச் சனங்கள் கூடினர். கூடியவர்களிடம் கட்டணம் வாங்க ஒருவர் வந்தார். ஒரு விளையாட்டு பிறந்துவிட்டது.

சிதறிக் கிடந்த இப்போட்டிகளை ஓர் அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தவர் பில் பிரான்ஸ் என்பவர். அவர் 1948இல் புளோரிடாவின் டேட்டோனா கடற்கரைப் பட்டினத்தில் நிறுவிய 'நாஸ்கார்' சங்கமே இன்றும் இவ்விளையாட்டை நடத்துகிறது. 1949ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள், வட கரோலினாவின் சார்லட் நகரில், கடைக் கார்களுக்கென்று அச்சங்கம் நடத்திய முதற் போட்டியிலே முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. அவருடைய காரைச் சோதித்தபோது விற்சுருள்கள் கசிப்புக் கடத்துவோர் முறையில் விறைப்பாக்கப்பட்டிருப்பது கண்டு, வெற்றியைப் பறித்து ஜிம் ரோப்பர் என்பவருக்குக் கொடுத்தனர். ஆக, இவ்விளையாட்டில் முதலிடம் முதன்முதலாகக் கைமாறிய கதை முதற் போட்டியிலேயே நிகழ்ந்துவிட்டது. ஆனால் டனவே விதியை மீறியவர். ஸ்கொட் எந்த விதியையும் மீறவில்லை என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எசமான் இல்லாத தொழில்

டான்வில் பட்டினத்தில் அன்று பிழைப்புக்கு இரண்டு வழிகளே பெரியனவாக இருந்தன. ஒன்று பஞ்சாலை, மற்றது புகையிலை. இரண்டிலும் மேற்பார்வையாளனின் குரலுக்கு நடுங்கி நிற்க வேண்டும். அந்தப் பிழைப்பு வேண்டாமென்று ஸ்கொட் இளமையிலேயே தீர்மானித்தார். அவருடைய தந்தையார் செல்வந்தரான வெள்ளையர் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியும் பழுது பார்த்தும் வந்தவர். எஞ்சினின் ஓசையைக் கேட்டு நோயை அறியும் வித்தை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு வாடகைக் கார் ஓட்டினார். மேரி என்ற மங்கையை மணந்தார். இரண்டாம் உலகப் போரிலே, கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து வைத்திருந்த அமெரிக்கப் படையில் சேர்ந்து ஐரோப்பாவுக்குச் சென்று வந்தார். திரும்பியதும் சொந்தமாகக் கராஜ் ஒன்றைத் திறந்தார்.

கராஜ் வருமானம் போதவில்லை. அவரும் இரவிற் கசிப்பு ஏற்றினார். அதை நான் மறைக்க விரும்பவில்லை, அவரும் மறைத்தவரல்லர். பலமுறை பொலிஸாரை முந்திச் சென்றவர் 1949இல் ஒருமுறை அகப்பட்டார். மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு அவருக்கு விதிக்கப்பட்டது. வார இறுதியில் ஊரில் நடக்கும் ஓட்டப் போட்டிகளைக் காணச் செல்வார். கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பகுதியில் அமர்ந்து, ஓடுகிற வெள்ளையரைப் பார்ப்பார். அவர்களுள் சிலர் தம்மைப்போலவே இரவிற் கசிப்பு ஏற்றுகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இங்கே ஓர் ஒப்பீடு பொருந்தும். வட கரோலினாவைச் சேர்ந்த ஜூனியர் ஜோன்சன் என்ற வெள்ளையரும் தகப்பனாரின் கசிப்பைக் கடத்தியே கார் ஓட்டப் பழகியவர். 1956இல் அகப்பட்டுச் சிறை சென்றார். விடுதலையாகி வந்து 1960இல் டேட்டோனா 500 மைற் போட்டியை வென்று நாடறிந்தவரானார். 1986இல் ஜனாதிபதி ரேகன் அவருடைய பழைய குற்றத்தை மன்னித்தருளினார். ஜோன்சன் பெரிய வீரர். அவர் பெருமையைக் குறைப்பது என் எண்ணமன்று. ஒரே பள்ளியிற் பயின்ற இருவருக்கு முன்னே இரண்டு விதமான வாயில்கள் இருந்தன என்பதையே சுட்டுகிறேன்.

கூட்டம் சேர்க்க ஒருவர்

ஸ்கொட்டுக்கு வாயில் திறந்த விதம் விசித்திரமானது. டான்வில் வட்டாரத்தில் நாஸ்காருக்குப் போட்டியாக 'டிக்ஸி' என்ற சிறு அமைப்பொன்று ஓட்டங்களை நடத்திவந்தது. வருமானம் குறைந்தது. கறுப்பினத்தவர் ஒருவரை வெள்ளையரோடு ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வருமென்று நடத்துநர் கணக்கிட்டனர். ஊரில் வேகமாக ஓட்டும் கறுப்பினத்தவர் யாரென்று பொலிஸாரிடம் கேட்டார்கள். துரத்தித் துரத்திக் களைத்திருந்த பொலிஸார் தயக்கமின்றி ஸ்கொட்டின் பெயரைச் சொன்னார்கள். ஒருவருடைய திறமைக்குப் பொலிஸாரே நற்சான்று கொடுத்தது வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

1952ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அவர் முதன்முறை களமிறங்கினார். சிலர் கூக்குரலிட்டு இகழ்ந்தனர். கார் இடையிலே பழுதாகி நின்றது. வேடிக்கைப் பொருளாக அழைக்கப்பட்டவர் அன்றிரவே தம் வாழ்க்கைத் தொழில் இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். காரைச் சீர்செய்து, அடுத்த நாளே நாஸ்கார் போட்டி நடக்கும் வின்ஸ்டன்-சேலம் நகருக்கு இழுத்துச் சென்றார். கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்றனர் அதிகாரிகள். காரை வெள்ளையன் ஒருவனிடம் கொடுத்தால் ஓடலாம் என்றும் ஆலோசனை சொன்னார்கள். கண் கலங்கியபடி வீடு திரும்பினார். சில நாள் கழித்து இன்னோர் ஊருக்குச் சென்றார். அங்கும் அதே விடை.

ஆயினும், தொழில் தொடங்கிப் பன்னிரண்டே நாளில், லிஞ்ச்பேர்க் என்ற ஊரில் நடந்த சிறியதோர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். பின்னர் வாரத்தில் ஐந்து போட்டிகள் வரை ஓடினார். சிலர் வேண்டுமென்றே அவருடைய காரில் மோதினர். சிலர் நண்பராயினர். மோதியவர்களுடன் அவர் களத்தில் கைகலக்கவில்லை; கைகலந்தால் மறுநாள் தமக்கு இடமிராது என்பதை அறிந்திருந்தார்.

மண் தடத்தில் ஓட்டும் கலையைச் சிறிது சொல்ல வேண்டும். அரை மைல் வட்டத் தடத்திலே வளைவை அணுகியதும் ஓட்டுநர் வண்டியின் பின்புறத்தை வேண்டுமென்றே வழுக்கவிடுவார். தடம் இடப்பக்கம் வளையும். முன்சக்கரங்களோ வலப்பக்கம் திரும்பியிருக்கும். வழுக்கலை அளவோடு பிடித்து நிறுத்துவது பிரேக்கினால் ஆகாது. பெற்றோல் மிதியை அழுத்தியும் தளர்த்தியும் வலக்காலே அதைச் செய்ய வேண்டும். ஓட ஓடத் தடத்தில் குழிகள் விழும். புழுதி கண்ணை மறைக்கும், ரேடியேட்டரை அடைக்கும். சில அங்குல இடைவெளியில் இருபது முப்பது கார்கள் இவ்வாறு வழுக்கிக்கொண்டு செல்லும். கசிப்போடு மலைப்பாதை வளைவுகளிற் பழகிய கை இங்கே உதவிற்று.

நாஸ்காரின் கதவும் ஒருநாள் திறந்தது. ரிச்மண்ட் நகரத் தடத்தில் பகுதிநேரப் பணிபுரிந்த மைக் போஸ்டன் என்ற அதிகாரி, ஸ்கொட் படப்போகும் துன்பத்தை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, அதன் பின்னும் அவர் விரும்பியதால் ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். தலைமைக் கந்தோரில் இது உவப்பாக இருக்கவில்லை. ஆயினும் கொடுத்ததைத் திரும்பப் பெறவில்லை. 1954இல் ஸ்கொட் பில் பிரான்ஸை நேரிற் சந்தித்தார். முந்திய இரவு ஒரு போட்டி நடத்துநர் வெள்ளையர் அனைவருக்கும் பெற்றோற் செலவு கொடுத்துத் தமக்கு மட்டும் மறுத்ததை முறையிட்டார். பிரான்ஸ் தம் சட்டைப்பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து, சங்கத்தின் அங்கத்தவர் என்ற முறையில் இனி அவர் வேறுபாடின்றி நடத்தப்படுவார் என்று உறுதி கூறினார். அந்த உறுதிமொழி எந்த அளவுக்குக் காக்கப்பட்டது என்பதை மேலே பார்ப்போம்.

1959இல் வேர்ஜீனியா மாநிலத்தின் 'ஸ்போர்ட்ஸ்மன்' பிரிவுச் சம்பியன் பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஏணியின் ஒரு படி ஏறியாயிற்று. 1961 மார்ச் மாதத்தில், தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பேர்க் நகரில், 'கிராண்ட் நஷனல்' என்ற தலையாய பிரிவில் அடியெடுத்து வைத்தார். அப்போது வயது முப்பத்தொன்பது. மற்றவர்கள் ஓய்வைப்பற்றி நினைக்கத் தொடங்கும் வயது.

ஜாக்சன்வில் நகரில் ஒரு மாலை

1963ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் நாள். ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஒன்பது நாளே கழிந்திருந்தன. வொஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் சமவுரிமை கேட்டு ஊர்வலம் சென்று மூன்று மாதம் ஆகியிருந்தது. பேர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் கறுப்பினச் சிறுமியர் நால்வர் மாண்டதும் அந்தச் செப்டெம்பரிலேதான். அக்காலத்தில், புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்து அரை மைல் மண் தடத்தில், 200 சுற்றுகள் கொண்ட 100 மைற் போட்டிக்கு ஸ்கொட் தம் காரை இழுத்துச் சென்றார். அது 1962ஆம் ஆண்டுச் செவ்ரலே; நெட் ஜாரட் என்ற புகழ்பெற்ற ஓட்டுநரிடமிருந்து பழையதாக வாங்கியது.

போட்டியின் பெரும்பகுதியில் முன்னணியில் நின்றவர் ரிச்சர்ட் பெட்டி. அவருடைய வண்டி பழுதுபட்டுத் தளர்ந்தது. இருபத்தைந்து சுற்றுகள் எஞ்சியிருக்கையில் ஸ்கொட் அவரை முந்தினார். பின்பு எவரும் அவரைப் பிடிக்கவில்லை. 200ஆவது சுற்றை முடித்துக் கோட்டைக் கடந்தபோது போட்டி முடிந்ததைக் காட்டும் கட்டமிட்ட கொடி விழவில்லை. இன்னொரு சுற்று ஓடினார், கொடி விழவில்லை. மேலும் ஒரு சுற்று. கொடி விழுந்தது, அவருக்குப் பின்னால் வந்த பக் பேக்கருக்கு. பேக்கரே வென்றவர் என்று அறிவித்தனர். கிண்ணமும் அவரிடம் கொடுக்கப்பட்டது.

தாம் வென்றதை ஸ்கொட் அறிவார். சுற்றுக் கணக்கை மீளப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. சனங்கள் போய்விட்டனர். பத்திரிகையாளரும் போய்விட்டனர். வெறிச்சோடிய களத்தில் அதிகாரிகள் கணக்குத் தவறென்று ஒப்புக்கொண்டனர். ஸ்கொட் முதலாவதாக வந்தது மட்டுமன்றி, பேக்கரை இரண்டு சுற்றுகளால் முந்தியிருந்தார். பரிசுப் பணம் கொடுத்தனர். கிண்ணம் பேக்கரோடு போய்விட்டது. பின்னர் ஒருநாள் பெயர் பொறிக்காத மலிவான மரத்துண்டு போன்ற ஒன்றைக் கொடுத்துக் கணக்கை முடித்தனர்.

நடுநிலையோடு ஆராய்ந்தால், அக்காலத்தில் சுற்றுக்களைக் கையால் எண்ணினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு காருக்கும் ஒருவர் அட்டையும் பென்சிலுமாக அமர்ந்து எண்ணுவார். பிழைகள் நேர்வதுண்டு. 1959இல் நடந்த முதலாவது டேட்டோனா 500 போட்டியில் வென்றவர் லீ பெட்டி என்று உறுதிசெய்ய மூன்று நாட்கள் எடுத்தன. ஆனால் அங்கே ஒரே கணத்தில் கோட்டைத் தொட்ட கார்களுக்கிடையே ஐயம் எழுந்தது. இங்கே வித்தியாசம் இரண்டு முழுச் சுற்றுகள், அதாவது ஒரு மைல். ஒரு மைல் முன்னே நின்ற காரை எவரும் காணவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வென்றவருக்குக் கிண்ணம் கொடுக்கும் அழகிய வெள்ளை மங்கை அவர் கன்னத்தில் முத்தமிடுவது அக்கால வழக்கம். அந்தக் காட்சி நடந்துவிடக் கூடாதென்றே கொடி விழாதிருந்தது என ஸ்கொட் இறுதிவரை கருதினார். அவர் கருதியதை மறுக்க எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பழைய ரயரும் சொந்தக் கையும்

வெற்றிக்குப் பின் ஏற்றம் வருவதே வழக்கம். ஒரு கம்பனி தேடிவரும். புதுக் கார் வரும். சம்பளம் வாங்கும் மெக்கானிக் குழு வரும். ஸ்கொட்டைத் தேடி அப்படி எதுவும் வரவில்லை. அவர் வென்ற செவ்ரலேயின் உற்பத்தியாளரான ஜெனரல் மோட்டர்ஸ், 1963இன் தொடக்கத்திலேயே பந்தயங்களுக்கு உதவுவதை நிறுத்திவிட்டது. போர்ட்டும் கிறைஸ்லரும் தத்தம் விருப்பமான ஓட்டுநருக்கு அள்ளிக் கொடுத்தன. கிறைஸ்லரின் புதிய 'ஹெமி' எஞ்சின் 1964இல் வந்தபோது, அதைப் பெற்ற ரிச்சர்ட் பெட்டி டேட்டோனாவையும் அவ்வாண்டுச் சம்பியன் பட்டத்தையும் வென்றார். 1967இலோ அவர் ஒரே ஆண்டில் 27 போட்டிகளை, அதிலும் பத்தைத் தொடர்ச்சியாக வென்றார். எஞ்சினை உடைத்தாலும் மறுநாள் புதிது வருமென்று தெரிந்த ஓட்டுநருக்கும், உடைந்தால் வீட்டில் அடுப்பெரியாதென்று தெரிந்த ஓட்டுநருக்கும் நடக்கும் போட்டியில் கொடி விழுமுன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

அதனால் ஸ்கொட் ஒரு கணக்கு வகுத்தார். வெல்ல ஓடினால் எஞ்சின் போகும். எஞ்சினைக் காத்து ஓடினால் எட்டாவதாகவோ பத்தாவதாகவோ வந்து, பெற்றோலுக்கும் அடுத்த ஊருக்கும் பணம் கிடைக்கும். 1964ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 62 போட்டிகள் இருந்தன. ஊர் ஊராகக் காரை இழுத்துச் செல்ல வேண்டும். பிள்ளைகளே மெக்கானிக் குழு. பெரிய அணிகள் கழற்றிவிட்ட ரயர்களைக் குறைந்த விலைக்கு வாங்கி மாட்டினார். நடுவே வண்டி நின்றால், ஆசனத்திலிருந்து இறங்கித் தாமே திருகாணியைப் பிடித்துவிட்டு மறுபடியும் ஏறி ஓடுவதும் உண்டு. 1964 யூலையில் சமவுரிமைச் சட்டம் வருமுன் தென்பகுதியில் பல விடுதிகளில் அவருக்கு அறையில்லை. உணவுச் சாலைகளில் கதிரையில்லை. குடும்பம் வண்டியிலேயே உண்டு உறங்கிற்று.

வெல்லத் தெரிந்த ஒருவர், வெல்லாமல் ஓடுவதையே தொழிலாக்கிக் கொள்ள நேர்ந்தது என்பதே இவ்வாழ்வின் ஆழ்ந்த சோகம் என நான் கருதுகிறேன். தோற்றவனுடைய துயரத்தை நாம் அறிவோம். காலின் கீழே வேகம் இருக்கவும், அதை அழுத்தாமல் அடக்கி வைத்திருப்பவனுடைய துயரத்தை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. இளவயதினர் பக்கத்தில் முந்திச் செல்லும்போது அவர் எஞ்சினின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு ஓடினார்.

அப்படியும் என்ன சாதித்தார்? 1966இல் முழு ஆண்டுப் புள்ளிக் கணக்கில் ஆறாமிடம். அது தொடங்கி நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக நாட்டின் முதற் பத்து ஓட்டுநருள் ஒருவர். 495 போட்டிகளில் 147 முறை முதற் பத்துக்குள், 20 முறை முதல் ஐந்துக்குள். பழைய ரயரும் வீட்டுப் பிள்ளைகளுமாக ஓடியவர் பத்துக்கு மூன்று முறை என்ற அளவில் முதற் பத்துக்குள் வந்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

டல்லடேகாவின் புகை

1970க்குப் பின் போட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. சிறிய மண் தடங்கள் தொடரிலிருந்து நீங்கின. பெரிய தார்த் தடங்களில் வேகமே எல்லாம்; வேகமோ பணத்தால் வாங்கப்படுவது. வயது ஐம்பதைக் கடந்த ஸ்கொட், இறுதியாக ஒருமுறை நல்ல வண்டியோடு ஓடிப் பார்க்க விரும்பினார். கடன்பட்டு மேர்க்குரி கார் ஒன்றை வாங்கினார்.

1973ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அலபாமாவின் டல்லடேகாத் தடத்தில் அந்தக் காரோடு இறங்கினார். சுற்றளவு 2.66 மைல். வளைவுகளில் தடம் 33 பாகை சரிந்து சுவர்போல் எழும். ஒரு காரின் மூக்கு மற்றதன் வாலைத் தொட்டாற்போல் வரிசையாக ஓடுவர்; முன்னது காற்றைப் பிளக்க, பின்னது அதன் நிழலில் எளிதாகச் செல்லும்; இரண்டுக்கும் வேகம் கூடும். அதே காரணத்தால், ஒன்று தடுமாறினால் பின்னால் வருவன விலக நேரமிராது. போட்டி தொடங்கிச் சிறிது நேரத்தில் ஒரு வண்டியின் எஞ்சின் வெடித்துத் தடத்தில் எண்ணெய் சிந்தியது. ஏறத்தாழ இருபது கார்கள் புகைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. ஸ்கொட்டின் இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முழங்கால்களும் முறிந்தன. கடன் தீராத கார் இரும்புக் குவியலாயிற்று.

அவ்வாண்டு ஒக்டோபரில், சார்லட் நகரில், வேறொரு காரில் மேலும் ஒருமுறை ஓடினார். பன்னிரண்டாவதாக முடித்தார். அதுவே கடைசி. பின்பு டான்வில் கராஜுக்குத் திரும்பி, ஊராரின் கார்களைப் பழுது பார்த்து வாழ்ந்தார். 1977இல் அவர் வாழ்வைத் தழுவி 'கிறீஸ்ட் லைட்னிங்' என்ற திரைப்படம் வெளிவந்தது. ரிச்சர்ட் பிரையர் அவராக நடித்தார். படத்தால் பெயர் பரவிற்று, தொழிலுக்கு உதவவில்லை. 1990ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், முதுகெலும்புப் புற்றுநோயால் காலமானார்.

காலங்கடந்து வந்தவை

இறந்தபின் மாலைகள் வந்தன. டான்வில் வீதியொன்று அவர் பெயர் பெற்றது. 2015இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். அவ்வாறு இடம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் நாள், அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், டேட்டோனா களத்தில் நாஸ்கார் ஜாக்சன்வில் வெற்றிக்குரிய கிண்ணத்தைச் செய்வித்து அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தது. வென்ற நாளிலிருந்து ஐம்பத்தேழு ஆண்டும் ஒன்பது மாதமும் கழிந்திருந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள், பபா வொலஸ் என்ற இளைஞர் டல்லடேகாவில் வென்றார். தலையாய தொடரில் கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற இரண்டாவது வெற்றி அது. முதலாவது வெற்றியைக் கண்ட தலைமுறையில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். ஸ்கொட்டின் எலும்பு முறிந்த அதே தடத்தில் அது நிகழ்ந்ததை எண்ணும்போது உள்ளம் சற்று நெகிழ்கிறது.

பிந்திய மரியாதையைப் பழித்துப் பேசுவது எளிது. நான் அவ்வாறு பேசமாட்டேன். கணக்குப் பிழையை ஐம்பது ஆண்டு கழித்தேனும் திருத்துவது, திருத்தாமல் விடுவதைக் காட்டிலும் நன்று. ஆனால் எந்தச் சங்கத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்று உண்டு. வெற்றி அன்று சனங்களுக்கு முன்னே அறிவிக்கப்பட்டிருந்தால், மறுநாட் காலைப் பத்திரிகையில் வந்த பெயர் வேறாக இருந்திருக்கும். ஏதோ ஒரு கம்பனியின் மேசைமீது அந்தப் பத்திரிகை கிடந்திருக்கும். நல்ல எஞ்சின் ஒன்று டான்வில்லுக்கு வந்திருக்கவும் கூடும். அந்த எஞ்சினோடு அவர் எவ்வளவு தூரம் சென்றிருப்பார் என்பதை எந்தக் கிண்ணமும் சொல்லாது. ஒருவருக்குரிய புகழை உரிய நாளில் கொடாதவன் புகழை மட்டும் பறிக்கவில்லை. அதன் பின்னே வரவிருந்த வாழ்நாளையும் பறிக்கிறான்.

இத்தனைக்கும் ஸ்கொட் பிள்ளைகளை நன்றாக வளர்த்தார். எசமான் இல்லாத தொழில் வேண்டுமென்ற இளமைத் தீர்மானத்தைச் சாகும்வரை காத்தார். ஜாக்சன்வில் போட்டிக்குப் பிறகு அவர் ஓடிய முந்நூற்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் ஒன்றிலேனும் முதலிடம் இல்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் காரை லொறியின் பின்னே கட்டி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இரவு முழுவதும் ஓட்டி வீடு சேர்ந்தார். காலையிற் கராஜைத் திறந்து, அடுத்த ஊருக்காக அதே காரின் கீழே மறுபடியும் படுத்துக்கொண்டார்.